வீட்டுக்கு வரும் விருந்தாளிப் பிள்ளை

விட்பியில் வாழும் எம்மவரும் பிறநாட்டு மாணவர் ஒருவரைத் தம் வீட்டில் தங்கவைத்துப் படிக்க உதவலாம். றோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் 15 முதல் 19 வயது வரையான பிள்ளைகள் இப்படி வருகின்றனர். நீண்டகாலத் திட்டமெனில் ஒரு கல்வியாண்டு தங்குவர்.

இதற்கான அறிமுக வகுப்பு மாணவருக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் கட்டாயம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் பொலிஸ் பதிவுச் சோதனையும் உண்டு. வீட்டையும் வந்து பார்ப்பர். "நாலு பிள்ளை வளர்த்த எங்களுக்கு வகுப்பா?" என்று கோபிக்க வேண்டாம்.

மாணவர் கார் ஓட்டக்கூடாது. மது, போதைப்பொருள், காதல் உறவு ஆகியனவும் கூடாது. இவை எமக்குப் பிடித்த சட்டங்களே. பிடிக்காதது ஒன்றும் உண்டு. மாணவருக்கென ஓர் ஆலோசகர் இருப்பார். அவர் அந்த வீட்டைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. குறை இருந்தால் பிள்ளை அவரிடம் சொல்லலாம்.

வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாதென்று வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், மொழி தெரியாத ஊரில் மனம்விட்டுப் பேச ஒருவருமில்லாத தவிப்பை எம்மைவிட யார் அறிவார்? அந்த ஆலோசகரின் தொலைபேசி இலக்கத்தை நாமே பிள்ளையின் கையில் கொடுப்போம். வகுப்புக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுங்கள். விளங்காததைத் திரும்பக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.