திறந்த ஃபைலைப் பங்கு போடாதீர்கள்!

பைத்தானில் மல்டிபிராசசிங் மாட்யூல் 2008-ல், 2.6 பதிப்போடு வந்தது. வேலையை நாலு ப்ராசஸுக்குப் பிரித்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். அது எல்லோருக்கும் தெரியும். ஏற்கனவே திறந்து வைத்திருக்கும் ஃபைல் என்ன ஆகும்? அதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

யூனிக்ஸில் ஃபோர்க் செய்தால் குழந்தை ப்ராசஸுக்கு ஃபைல் டிஸ்கிரிப்டரின் நகல் கிடைக்கும். ஆனால் ஃபைலில் எதுவரை படித்தாயிற்று என்ற குறி மட்டும் ஒன்றே ஒன்று, அப்பனுக்கும் பிள்ளைக்கும் பொது! ஒருவர் படித்தால் மற்றவருக்கும் இடம் நகர்ந்துவிடும். சில வரிகள் இவருக்கு, சில வரிகள் அவருக்கு, நடுவில் வெட்டுப்பட்ட வரிகளும் உண்டு.

எழுதும்போது இன்னும் மோசம். டிஸ்க்குக்குப் போகாமல் பஃபரில் தங்கியிருக்கும் எழுத்துக்களும் மெமரியோடு சேர்ந்து நகலாகும். நேரடியாக ஃபோர்க் போட்டு இரண்டு ப்ராசஸும் வழக்கம்போல முடிந்தால், அதே வரி இரண்டு தடவை ஃபைலில் விழும். ஃப்ளாக் போட்டுப் பூட்டினால்? ஃபோர்க்குக்கு முன்பே திறந்த ஃபைல் என்றால் பூட்டும் பொதுவாகிவிடும், பிரயோஜனமில்லை.

விண்டோஸில் கதை வேறு. அங்கே புது ப்ராசஸ் முதலிலிருந்து கிளம்புகிறது. திறந்த ஃபைலை அதற்கு அனுப்பினால் 'பிக்கிள் செய்ய முடியாது' என்று டைப்எரர் வந்து நிற்கும். உடனே "லினக்ஸில் ஓடுதே!" என்று ஒரு பெருமைப் பேச்சு. உண்மையில் அந்த எரர்தான் நண்பன். எரரோடு நிற்கும் நிரலால் ஒரு சாயங்காலம்தான் வீண். சத்தமில்லாமல் முடிந்து தப்பான ஃபைலைக் கொடுக்கும் நிரலால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டே பாழ்.

பைத்தானும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. 2019-ல் 3.8 பதிப்பு மேக்கிலும், 2025-ல் 3.14 பதிப்பு லினக்ஸிலும், நேரடி ஃபோர்க்கை இயல்புநிலையிலிருந்து எடுத்துவிட்டன. ஆனாலும் கேட்டால் ஃபோர்க் கிடைக்கும், பழைய பதிப்புகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

வழி சுலபம். ஃபைலை அனுப்பாதீர்கள், ஃபைலின் பெயரை அனுப்புங்கள். படிக்க வேண்டிய ப்ராசஸ் தானே திறந்து, தானே மூடட்டும். எழுதும் வேலை ஒரே ஒரு ப்ராசஸுக்கு. மற்றவை க்யூவில் போட்டால் போதும். லாக் ஃபைலுக்கும் இதுவேதான். பல ப்ராசஸ்கள் ஒரே ஃபைலில் லாக் எழுதுவதற்கு ஆதரவில்லை என்று பைத்தான் ஆவணமே சொல்கிறது.

தனித்தனியாகத் திறந்தால் நேரம் வீணாகாதா என்பார்கள். ஃபைல் திறக்க ஆகும் நேரம் கண்ணுக்கே தெரியாது. காணாமல் போன வரியைத் தேட ஆகும் நேரம்? தேடியவர்களைக் கேட்டால் தெரியும்!