குஞ்சு மேயும் இடத்தில் தூண்டில் வேண்டாம்

ஓய்வு பெற்ற பிறகு பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் "தூண்டில் போடுகிறேன்" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு உட்கார்ந்தவனுக்கு ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் உட்காருவது பெரிய காரியமில்லை. ஆனால் இன்று எழுத வந்தது என் பொழுதுபோக்கைப் பற்றி அல்ல. தூண்டில் போடுகிற நம்மைப் போன்றவர்கள் தெரிந்தே செய்கிற ஒரு தவறைப் பற்றி.

போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்த பேரன் தன் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். யாரோ ஒருவர் குளத்தில் விரால் குஞ்சுகள் கூட்டமாக மேய்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அதன் நடுவில் ரப்பர் தவளையைப் போடுகிறார். மூன்றாவது தடவை போட்டதும் 'களுக்' என்று ஒரு சத்தம். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். "தாத்தா, இது சூப்பர் டிரிக். நாளைக்கு நாமும் போகலாமா?" என்றான்.

அது டிரிக்கே இல்லை. அறுபது வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்த வித்தைதான்.

அம்மாவின் ஊர் பாகூர் பக்கம். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்றுத் தண்ணீர் பாகூர் ஏரிக்கு வந்து சேரும். புதுத்தண்ணீர் வரும் நாளில் எதிர்நீச்சல் போட்டு ஏறும் மீனைப் பார்க்க ஊரே வாய்க்கால் கரையில் நிற்கும். எனக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, தக்கைக்கு மயிலிறகின் தண்டு. இவ்வளவுதான் சாமான்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் பெரும்பாலானவை இன்றைக்கும் பொய்த்ததில்லை. புதிதாகத் தொடங்கும் நண்பர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலாவது, குளம் யார் குத்தகையில் இருக்கிறது என்று விசாரித்து, கேட்டுக்கொண்டு உட்காருங்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். அங்கே தூண்டில் போடும் ஆசையையே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, நேரம். விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம். உச்சி வெயிலில் மீனும் இரை எடுக்காது, நமக்கும் தலைவலிதான் மிச்சம். நம் நிழல் தண்ணீரில் விழாதபடி உட்கார வேண்டும். கரையில் தொம் தொம் என்று நடக்கக் கூடாது. பேச்சுச் சத்தத்தைவிட, காலடி அதிர்வைத்தான் மீன் சீக்கிரம் உணரும்.

மூன்றாவது, ஆழம். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். எந்த மீன் வேண்டுமோ அதற்கேற்பத் தக்கையை ஏற்றி இறக்கிக் கட்டுங்கள். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து உருண்டையாக்கி, உட்காரும் இடத்தில் முதலில் நாலு உருண்டை எறிந்துவிட்டு அரைமணி பொறுத்திருந்தால் கூட்டம் சேரும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு போதும்.

நான்காவது, முள். கடையில் எண் சொல்லிக் கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: எண் கூடக் கூட முள் சிறியது. கெண்டைக்குப் பெரிய முள்ளைக் கட்டிவிட்டு "மீனே இல்லை" என்று குறைப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது, கெளுத்தியைத் துண்டு போட்டுப் பிடியுங்கள். முதுகிலும் இரண்டு பக்கச் செவுளை ஒட்டியும் முள் இருக்கிறது. தேளி அதைவிட மோசம். குத்தினால் கடுப்பு லேசில் அடங்காது.

ஆறாவது, சிறிய மீனைத் திரும்ப விடும்போது கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும், பிறகு நோய் பிடிக்கும். முள்ளை முழுங்கியிருந்தால் இழுத்துப் பிடுங்காமல் நரம்பை வாயருகில் வெட்டிவிடுங்கள். வெட்டிய நரம்பைக் கரையில் போடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கொக்கின் காலில் சுற்றினால் அது அங்கேயே கிடந்து சாகும்.

இனி அந்த வித்தைக்கு வருகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. வாய்க்காலை ஒட்டிய குட்டையில், கோரைக்குப் பக்கத்தில், உலை கொதிப்பது போலத் தண்ணீர் பொடிப்பொடியாகக் குமிழ்ந்தது. உற்றுப் பார்த்தால் செக்கச் செவேலென்று விரால் குஞ்சுகள், ஒரு முறத்தளவு இடத்தில் நூற்றுக்கணக்கில். விராலுக்குத் தண்ணீரிலிருக்கும் காற்று மட்டும் போதாது. அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கும். குஞ்சுகளும் அப்படித்தான். அதனால்தான் அந்தக் குமிழி.

"அடியிலே பெருசு நிக்கும்டா. தவளையைக் கட்டிக் குஞ்சு மேலேயே போடு" என்றார் மாமா. போட்டேன். தாய் தகப்பன் இரண்டும் குஞ்சுக்குக் காவல் நிற்கிற மீன் அது. வயிறு பசித்து அது தவளையைக் கவ்வுவதில்லை. குஞ்சுக்கு நடுவே வந்த எதையும் விரட்டத்தான் பாய்கிறது. இரண்டாவது தடவையிலேயே மாட்டியது. என் வாழ்நாளில் நான் பிடித்த முதல் பெரிய மீன். அன்று வீட்டில் எனக்கு ராஜமரியாதை. தலைத் துண்டு என் தட்டில்தான் விழுந்தது.

மறுநாள் அதே இடத்துக்குப் போனேன், ஜோடி மீன் இருக்கும் என்ற ஆசையில். குமிழி கலைந்து கலைந்து அங்கங்கே தெரிந்தது. இரண்டு கொக்கு தண்ணீரில் நின்று நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தன. அதற்கும் மறுநாள் தண்ணீர் அசைவில்லாமல் இருந்தது. மாமாவிடம் சொன்னேன். "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வலையைப் பிரிக்கத் தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் குட்டைக்குக் குட்டை விரால் இருந்தது. ஒன்று போனால் கணக்கில் தெரியாது.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் மீன் பிடிப்பவனுக்கும் பாவம் செய்பவனுக்கும் ஏறக்குறைய ஒரே சொல், 'பெஷேர்'. எழுதும்போது ஓர் எழுத்தின் தலையில் தொப்பி வைத்தால் மீன் பிடிப்பவன், சாய்ந்த கோடு போட்டால் பாவி. டிக்தேயில் "கரையில் ஒரு மீனவன் உட்கார்ந்திருந்தான்" என்ற வாக்கியத்தில் நான் தொப்பிக்குப் பதில் கோட்டைப் போட்டுவிட்டேன். முசியே அதை வகுப்பில் உரக்கப் படித்து, "கரையில் ஒரு பாவி உட்கார்ந்திருக்கிறானாம்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் குட்டையின் நினைவு வந்து பாதியில் நின்றுவிட்டது.

இதை நண்பர்களிடம் சொன்னால் இரண்டு பதில் வருகிறது. ஒன்று, "நாம் பிடிக்காவிட்டால் வேறொருவன் பிடிக்கத்தான் போகிறான்." பிடிக்கட்டும். லஞ்சம் வாங்குகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அதை ஏற்கவில்லை, இப்போது மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

இரண்டாவது பதிலில் நியாயம் இருக்கிறது. "மோட்டார் வைத்துக் குட்டையையே இறைத்துவிடுகிறார்கள். ஏரியில் சாக்கடை கலக்கிறது. உன் ஒரு தூண்டிலா விராலை அழித்தது?" இல்லைதான். விரால் குறைந்ததற்குத் தூண்டில்காரன் முதல் காரணம் அல்ல. ஆனால் சாக்கடையை நான் நாளைக்கே நிறுத்த முடியாது. என் கையில் இருக்கிற கழியை நிறுத்த முடியும். அன்றாடச் சோற்றுக்கு மீன் பிடிப்பவரிடம் நான் இதைச் சொல்ல வரவில்லை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்குக்கு உட்காருகிற நமக்குச் சொல்கிறேன். நமக்கு அந்த ஒரு மீன் இல்லாவிட்டால் இரவுச் சோறு நின்றுவிடாது.

மீன் வேண்டுமென்றால் ஜிலேபி இருக்கிறது. 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். முட்டையை வாயில் வைத்துக் காப்பதால் வருடம் முழுக்கப் பெருகி, நம் ஊர்க் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதை எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள். பிடித்ததைத் திரும்ப விடவும் வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினாலும் அப்படியே. வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது. வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனைக் கொண்டுபோய் ஏரியில் விடுகிற புண்ணியத்தையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பேரனை மறுநாள் அழைத்துப் போனேன். குஞ்சுக் கூட்டம் ஒன்று கண்ணில் பட்டது. கழியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, கரையில் குந்தி அரைமணி நேரம் பார்த்தோம். ஒரு தண்ணீர்ப்பாம்பு பக்கத்தில் வந்தபோது அடியிலிருந்து கறுப்பாக ஒன்று பாய்ந்தது. பாம்பு திரும்பிப் போய்விட்டது.

"நீங்க சின்ன வயசுல பிடிச்சிருக்கீங்களா தாத்தா?" என்றான்.

"பிடிச்சேன்டா. மறுநாளும் போய்ப் பார்த்தேன்" என்று ஆரம்பித்து, கொக்கு வரைக்கும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே கழியை எடுத்துக்கொண்டு மதகுப் பக்கம் நடந்தான். அன்று எங்களுக்கு ஏழு ஜிலேபி. அவன் பாட்டி மிளகாய்த்தூள் தடவி வறுத்துக் கொடுத்தாள்.

நண்பர்களே, மழைக்காலத்தில் குமிழியைப் பார்த்தால் பத்தடி தள்ளி உட்காருங்கள். குஞ்சுகள் பிரிந்து தனித்தனியாகப் போன பிறகு அந்தப் பெரிய விரால் எங்கும் போய்விடாது. அப்போது பசிக்கு இரை தேடி வரும். தை பிறக்கட்டும், நானும் தவளை கட்டிக்கொண்டு வருகிறேன்.