வாடகையை அப்புறம் கேளுங்க... அட்வான்ஸை முதல்ல கேளுங்க!

அச்சன்புதூரிலிருந்து ஒரு பிள்ளை வெளியூர் வேலைக்குக் கிளம்புது என்றால், தெருவில் கேட்கிற முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவுய்யா?" அடுத்த கேள்வி, "அங்க வீட்டு வாடகை எவ்வளவு?" சென்னை, பெங்களூரு என்று இரண்டு ஊரில் வேலை கிடைத்திருந்தால், சம்பளத்தில் வாடகையைக் கழித்துப் பார்ப்போம். மீதி எங்கே அதிகமோ, அந்த ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவோம். இந்தக் கணக்கு பாதிக் கணக்குதான். மீதிப் பாதி, வீட்டில் அம்மாவின் நகை எத்தனை வருஷம் அடகில் இருக்கப் போகிறது என்பது.

எந்த ஊர் செலவு அதிகம் என்று பட்டியல் போடுகிறவர்கள் உலகத்தில் நிறைய. மெர்சர் என்ற நிறுவனம் 2024-ல் 226 நகரங்களை வரிசைப்படுத்தியது. ஹாங்காங் முதலிடம், சிங்கப்பூர் இரண்டாமிடம். நம் நாட்டில் மும்பை 136-வது, சென்னை 189-வது, பெங்களூரு 195-வது. அதாவது, பெங்களூரைவிட சென்னையில் செலவு அதிகமாம்! பெங்களூரில் வீடு தேடி அலைந்த பிள்ளைகளைக் கேட்டால் சிரிப்பார்கள். பட்டியல் மேல் குற்றமில்லை. பன்னாட்டு கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுப்பது என்று பார்ப்பதற்காகப் போடப்படுவது அது. பொதிகை எக்ஸ்பிரஸில் பெட்டியும் தலையணையுமாக ஏறுகிற பிள்ளைக்காகப் போட்டதல்ல.

மத்திய அரசு வேறு கணக்கு வைத்திருக்கிறது. அதன் ஊழியர்களுக்கான வீட்டு வாடகைப் படி 2024 ஜனவரி முதல் பெருநகரங்களில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதம், மதுரை, கோவை போன்ற ஊர்களில் 20, நம் தென்காசி போன்ற இடங்களில் 10. மும்பை, சென்னை, பெங்களூரு மூன்றும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்! ஆக, யாருடைய பட்டியலும் நம் வீட்டுக்குப் பொருந்தாது. நம் கணக்கை நாமே போட வேண்டியதுதான்.

அதில் முதல் வரி அட்வான்ஸ். சென்னையில் பல வீடுகளுக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இன்னும் போகவில்லை. பெங்களூரிலும் அதே பழக்கம்தான்; ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கிய வீடுகளும் உண்டு. ஒரு பேச்சுக்கு, வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000 என்று வையுங்கள். ஊரில் நகையை வைத்துத்தான் அதைப் புரட்டுகிறோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 1,500. அப்படியானால் அந்த வீட்டின் வாடகை 15,000 இல்லை, 16,500. பக்கத்துத் தெருவில் 16,000 ரூபாய் வாடகைக்கு, இரண்டே மாத அட்வான்ஸில் ஒரு வீடு இருந்தால், அதற்கு வட்டி 320 ரூபாய்தான். மொத்தம் 16,320. 'ஆயிரம் ரூபாய் கம்மி' என்று நாம் பிடித்த வீடுதான் உண்மையில் கூடுதல் விலை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டால், அது தனி.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஆனால், 'வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்றும் அதில் இருக்கிறது. பத்து மாதம் என்று எழுதிய பேப்பரில் நாமே கையெழுத்துப் போட்டால், அந்த மூன்று மாதம் நமக்கு உதவாது. அதனால், பேரம் பேசுவதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினாலே பாதி பலம்.

இரண்டாவது வரி, ஆபீஸுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் நூறு வருஷத்துக்கு முன்பிருந்தே உண்டு. மும்பை வாடகை அவர்களுக்குப் பழகிய பயம். அங்கே மின்சார ரயில் சீசன் டிக்கெட் மலிவு. அதனால் விரார், கல்யாண் என்று தள்ளிப் போய் வாடகையைக் குறைக்கலாம். ஆனால் விராரிலிருந்து சர்ச்கேட் 60 கிலோமீட்டர். காசு மிச்சமாகிற இடத்தில் தூக்கம் போகிறது. அங்கே பெரும்பாலும் ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான். புதுப்பிக்கும்போது வாடகை ஏறும். வேறு வீடு பார்த்தால் திரும்பவும் புரோக்கர் கமிஷன்.

மூன்றாவது வரியை யாருமே எழுதுவதில்லை. நம் விலாசத்துக்கு இருக்கிற மதிப்பு! தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எல்லாப் பெண்களுக்கும் டிக்கெட் இல்லை. கர்நாடகாவிலும் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு இலவச பஸ் உண்டு; ஆனால் அந்த மாநில விலாசம் உள்ள அடையாள அட்டை வேண்டும். அச்சன்புதூர் ஆதாரோடு போகிற நம் பெண் தினமும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ரேஷனும் அப்படித்தான். நம் அட்டைக்குச் சென்னைக் கடையிலும் அரிசி வாங்கலாம். மாநிலம் தாண்டினால், முன்னுரிமை அட்டைக்கு மட்டும், அதுவும் மத்திய அரசு தரும் தானியம் மட்டும்தான். நம்மூர் துவரம்பருப்பும் பாமாயிலும் எல்லை தாண்டாது.

கரன்ட் விஷயத்திலும் ஒரு கேள்வி உண்டு. தமிழ்நாட்டில் ஒரு வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வாடகைப் போர்ஷனுக்குத் தனி இ.பி. மீட்டர் இருந்தால்தான் அது நம் கைக்கு வரும். சப்-மீட்டர் வைத்து 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று வாங்குகிற வீடு என்றால், அந்த லாபம் வீட்டுக்காரருக்கு.

அட்வான்ஸே வாடகையாகிற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. நம் பக்கம் 'ஒத்தி' என்பதே அதுதானே? மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது தொகையைத் திரும்ப வாங்குவது. சென்னையில் இதையே 'லீஸ்' என்பார்கள். தென்கொரியாவின் சியோலில் இதற்கு 'ஜோன்ஸே' என்று பெயர். அங்கே தொகையைத் திருப்பித் தராமல் ஏமாற்றியவர்கள் பெருகி, பணத்தை இழந்தவர்களுக்கு உதவ 2023-ல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். மாத வாடகை மிச்சம் என்று பெருநகரத்தில் லீஸுக்குப் போகிறவர்கள், அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே பேங்க் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்திரத்தைப் பதிவும் செய்துவிடுங்கள்.

முதல் வேலைக்குப் போகிற பிள்ளை எடுத்த எடுப்பில் தனி வீடு பிடித்தாக வேண்டுமா என்ன? முதல் ஆறு மாதம் மேன்ஷனோ, பி.ஜி.யோ போதும். அட்வான்ஸ் சிறியது, ஆபீஸ் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழக அரசின் 'தோழி' விடுதிகள் இருக்கின்றன. ஊரும் வேலையும் பிடிபட்ட பிறகு வீடு பார்த்தால், பத்து மாத அட்வான்ஸை ஒரே ராத்திரியில் புரட்ட வேண்டியதில்லை.

அடுத்த முறை இரண்டு ஊரில் வேலை வந்தால் ஒரு தாளில் எழுதுங்கள். சம்பளம், அதில் வாடகை, அட்வான்ஸுக்கான வட்டி, பஸ்-ரயில் செலவு, தண்ணீர் கேன், கரன்ட், வருஷத்துக்கு மூன்று முறை ஊருக்கு வந்து போகும் செலவை 12-ஆல் வகுத்த தொகை. எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிஞ்சுவதை வைத்து அடகு நகையை எத்தனை மாதத்தில் மீட்கலாம் என்று பாருங்கள். எந்த ஊரில் அந்த மாதங்கள் குறைவோ, அதுதான் உங்கள் பிள்ளைக்குச் செலவு குறைந்த நகரம்.