வராமல் போனதை யார் எண்ணுவது?

ஒரு எண்ணிம ஆவணகத்தைத் திறந்து வைக்கும்போது மேடையில் சொல்லப்படுகிற கணக்கு எப்பவும் ஒன்றுதான்: இத்தனை இலட்சம் பக்கம், இத்தனை ஆயிரம் நூல். பிறகு ஒருவர் ஒரு சொல்லைத் தட்டிக் காட்டுவார். அரைச் செக்கனில் முந்நூறு முடிவு வந்து விழும். கைதட்டல். வந்த முந்நூறு கிடக்கட்டும், வராமல் போனது எத்தனை என்று நாங்கள் கேட்கிறோம். இந்தக் கேள்விக்கு மேடையில் பதில் இருப்பதில்லை.

தேடலை அளக்க இரண்டு கணக்கு உண்டு. வந்தவற்றில் எத்தனை உண்மையிலேயே வேண்டியவை என்பது துல்லியம். இருக்கிற வேண்டியவற்றில் எத்தனை வந்தது என்பது மீட்பு. முதலாவதைப் பார்த்த கண்ணோடு சொல்லிவிடலாம், எல்லாம் திரையிலேயே கிடக்குது. இரண்டாவதுக்குத் திரையில் இல்லாததை எண்ண வேணும், அதுக்கு ஆள் இருந்து வாசிக்க வேணும். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளவர்டன் என்ற நூலகர் 1960களில் அதைத்தான் செய்தார். 1,400 விமானவியல் கட்டுரைகள், இருநூற்றுச் சொச்சம் கேள்விகள். எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்று மனிதர்களைக் கொண்டு தீர்ப்பெழுதி வைத்துவிட்டுத்தான் தேடும் முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அறுபது வருசத்துக்கு முதல் ஒரு நூலகருக்கு விளங்கினது எங்கட செயலிக்காரருக்கு இன்னும் விளங்கேல்ல.

"பாவிக்கிற ஆட்களுக்குத் திருப்திதானே, பிறகென்ன?" என்பார்கள். திருப்தி எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு 1985 இல் டேவிட் பிளேயரும் எம். ஈ. மாரனும் வெளியிட்ட ஆய்வே போதும். அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்குக்காக ஏறத்தாழ 40,000 ஆவணங்கள், 350,000 பக்கங்கள், ஐபிஎம்மின் ஸ்டெயர்ஸ் என்ற தேடல் மென்பொருளில் ஏற்றப்பட்டிருந்தன. வேண்டிய ஆவணங்களில் 75 வீதமாவது கையில் வர வேணும் என்பது வழக்கறிஞர்களின் நிபந்தனை. வருகிறது என்றே அவர்கள் நம்பினார்கள். ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், தேடலில் வராத ஆவணங்களிலிருந்து மாதிரி எடுத்து, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல் அதே வழக்கறிஞர்களிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் துல்லியம் 79 வீதம், மீட்பு வெறும் 20 வீதம். ஐந்தில் நாலு பங்கு உள்ளுக்கேயே கிடந்திருக்கு. வந்தது நல்லதாக இருந்தபடியால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரேல்ல.

ஏன் வரவில்லை என்பதுதான் எங்களைக் குத்துகிற இடம். வழக்கு ஒரு விபத்தைப் பற்றியது. வழக்கறிஞர்கள் 'விபத்து' என்று தேடினார்கள். ஆனால் குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பின் ஆட்கள் தங்கள் கடிதங்களில் அதை 'சம்பவம்' என்றும் 'நிலைமை' என்றும் 'சிக்கல்' என்றும் எழுதியிருந்தார்கள். சில ஆவணங்களில் விபத்துக்குப் பேரே இல்லை, இயந்திரக் கோளாறு மட்டும்தான்.

இப்ப எங்கட பக்கம் பாருங்கோ. 1983 ஜூலையில் நடந்ததுக்கு எங்களிடம் எத்தனை பெயர்? கறுப்பு ஜூலை, ஆடிக் கலவரம், இனவன்செயல், இனப்படுகொலை. எந்தச் சொல்லைப் போடுகிறார் என்பதிலேயே எழுதுகிறவரின் பக்கம் தெரிந்துவிடும். ஒரு சொல்லைத் தட்டித் தேடுகிற மாணவிக்கு ஒரு பக்கத்தின் ஆவணங்கள்தான் வரும், அதையே முழுச் சித்திரம் என்று அவள் எழுதுவாள். 'அந்தப் பிரச்சினைக்குப் பிறகு' என்று மட்டும் எழுதிய ஒரு சாதாரணக் கடிதம் அவளிடம் வந்து சேரப்போவதே இல்லை.

இதுக்கு மேல மொழியின் வேலை வேற இருக்கு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற பெட்டியில் 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' வராது, 'வீடு' என்றால் 'வீட்டுக்கு' வராது. விஜயன் வேற, விசயன் வேற. பாமினியில் தட்டின பழைய கோப்பு கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பஸ் நேரம் தேடுகிறவருக்கு ஒரு நல்ல முடிவு வந்தால் காணும், மீட்பு அவருக்குத் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியலில் மகனின் பெயரைத் தேடுகிற தாய்க்கு? அந்த ஒரு வரி வராட்டி மிச்சம் ஆயிரம் வந்தும் என்ன?

உலகத் தரமான அளவுகோலில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறோம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. 1992 இல் அமெரிக்காவில் தொடங்கிய ட்ரெக் போட்டிகளில் வழக்கம் இப்படி: பங்குபற்றும் தேடல் முறைகள் ஒவ்வொன்றும் முன்னுக்குத் தருகிற ஆவணங்களை ஒன்றாகச் சேர்த்து, அந்தக் குவியலை மட்டும் நடுவர்கள் வாசிப்பார்கள். அதுக்குள் வராதது பொருந்தாதது என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆங்கிலத்தில் விதவிதமான முறைகள் நிறையப் போட்டியிடும்போது இதில் பெரிய பிழை வராது. தமிழுக்கு இரண்டு மூன்று முறைகளை வைத்து இதையே செய்தால், எல்லாம் ஒரே மாதிரிக் குருடாக இருந்தால், பாமினிக் கோப்பு ஒன்றுகூடக் குவியலுக்குள் வராது. மீட்பு 90 வீதம் என்று சான்றிதழ் மட்டும் வந்துவிடும். இப்ப அதுக்கு மேல செயற்கை நுண்ணறிவு வேற. ஆவணம் தேடி எடுத்துப் பதில் சொல்லுகிற அரட்டைச் செயலிக்கு, தேடலில் வராதது நடக்காதது மாதிரித்தான்.

நாங்கள் கேட்பது கோடிக்கணக்கில் பணம் கொட்டுகிற வேலையில்லை. உண்மையான ஆட்கள் கேட்ட ஐம்பது கேள்வி. பாமினியும் பழைய அச்சும் கையெழுத்தும் கலந்த சில நூறு ஆவணம். இருந்து வாசித்துத் தீர்ப்பெழுத ஒரு கேள்விக்கு இரண்டு பேர், அவர்கள் ஒத்துப்போகாத இடத்தில் மூன்றாவது ஆள். ஒரு பல்கலைக்கழகத் துறை மனசு வைத்தால் ஒரு தவணைக்குள் முடியும். அதைச் செய்து எண்ணைப் பகிரங்கமாகப் போடுங்கோ, 20 வீதமாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த திறப்பு விழாவுக்கு வரும்போது நாங்கள் முன்வரிசையில் இருந்து கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.