தண்ணீரில்லாக் காட்டுக்கு உத்தியோகத்தர்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்த்தல் வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தாரின் பழமொழி. அரசாங்க உத்தியோகத்துக்கு நம்மவர் அளித்த மதிப்பினை இதனினுஞ் சுருங்கக் கூறல் அரிது. உத்தியோகத்தரை மருமகனாகப் பெறுதற்குக் காணியும் வீடும் ஈந்த அதே குடும்பத்தினர், மாலை வேளையிலே தொலைக்காட்சியின் முன்னமர்ந்து, திரைப்படத்திலே அரச உத்தியோகத்தர் ஒருவர் ஒறுக்கப்படுங்கால் கைகொட்டி மகிழ்கின்றனர். மகளுக்கு வேண்டியவர் திரையிலே வேண்டாதவராவது யாது காரணம்பற்றி? இவ்வினா ஆராயத்தக்கது.

தமிழ்த் திரையுலகம் அரச உத்தியோகத்தருக்குப் பெரும்பாலும் இரண்டு வேடங்களையே வகுத்திருக்கின்றது. மேசையின் கீழே கைநீட்டுபவர் ஒருவர்; அவரை ஒறுக்க வருந் தனிவீரர் மற்றவர். 1996ஆம் ஆண்டு வெளிவந்த ‘இந்தியன்’ என்னும் படத்திலே, முதுமையெய்திய விடுதலைப் போராட்ட வீரர் இலஞ்சம் வாங்கும் அதிகாரிகளைக் கொல்கின்றார். பழுதுற்ற பேருந்துக்குத் தகுதிச் சான்று வழங்கிய தம் மகனையும் அவர் விட்டாரல்லர். 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரமணா’விலே அத்தண்டனையைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வழங்குகின்றார். இப்படங்களின் சினத்துக்கு நியாயமுண்டு. நம் நாட்டிலும் 1954ஆம் ஆண்டிலேயே இலஞ்சச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டிலே ஊழலுக்கு எதிரான புதிய சட்டமும் வேண்டியதாயிற்று. நோய் கற்பனையன்று. எனினும், மகன் மாண்டபின் பேருந்துகளைப் பரிசோதிக்கும் முறை திருந்திற்றா, அவனிருந்த நாற்காலியில் அடுத்து அமர்ந்தவன் எத்தகையவன் என்பனவற்றைப் படம் கூறுவதில்லை. கத்தி எழுந்ததும் கதை முடிந்துவிடுகின்றது. கந்தோரோ மறுநாட் காலையிலும் திறக்கப்படல் வேண்டும்.

இவ்விரு வேடங்களினும் ஆழமாக நம் மனத்திற் பதிந்த ஒரு வாசகம் உண்டு. நேர்மையான அதிகாரியைப் பார்த்துத் திரையிலே தீயவன் கூறுவான்: “உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்.” எத்தனையோ படங்களிற் கேட்டுப் பழகியமையால், நாம் வீட்டிலும் வீதியிலும் இதனை வேடிக்கையாக வழங்குகின்றோம். ‘காட்டுக்கு’ என்பதிலுள்ள குகரவுருபு நான்காம் வேற்றுமைக்குரியது. அவ்வுருபு கொடைப்பொருளிலும் வரும், பகைப்பொருளிலும் வரும் என்பதனை இலக்கணங் கற்கும் மாணாக்கர் அறிவர். ஓரூருக்கு உத்தியோகத்தர் ஒருவரை அனுப்புதல் அவ்வூருக்குக் கொடையாதல் வேண்டும். திரையிலோ அது பகையாகி நிற்கின்றது. மாற்றுபவன் உளன், மாற்றப்படுபவர் உளர், அக்காட்டிலே வாழ்பவர் அவ்வாக்கியத்தில் எங்குமிலர். அவர்களுக்கு வேண்டப்படாதவர் வந்தாற் போதும் என்பதிலே தீயவனுக்கும் படமெடுத்தவருக்கும் கருத்து வேற்றுமை இருப்பதாகத் தெரியவில்லை.

தீவகத்தார் இவ்வாசகத்தைச் சற்றே நின்று கேட்டல் வேண்டும். ஏனெனில் அத்தண்ணீரில்லாக் காடு நமது ஊர்தான். நன்னீர்க் கிணறு அரிய நெடுந்தீவும், கடல் கடந்தே அடையத்தக்க நயினாதீவும், ஊர்காவற்றுறையின் ஒதுக்கமான குறிச்சிகளும் உத்தியோகத்தர் பலருக்கு அவ்வாறே தோன்றுகின்றன. கல்வித் திணைக்களத்தின் வழக்கிலே ‘கஷ்டப் பிரதேசம்’, ‘அதிகஷ்டப் பிரதேசம்’ என்னும் பெயர்களும் உள. குடும்பத்தைப் பிரிந்து, அலைகடலிலே படகேறிச் சென்று கற்பிப்போரின் கஷ்டம் மெய்யானதே. அதற்கெனப் படி வழங்குதலும் முறையே. ஆயினும் வருபவரின் கஷ்டம் சில ஆண்டுகளுக்கு உரியது. அங்கே பிறந்த பிள்ளையின் கஷ்டத்துக்கு இடமாற்றம் இல்லை. தண்டனையென்று எண்ணி இறங்குதுறையிற் கால்வைத்தவர், அன்றுதொட்டே திரும்பும் நாளை எண்ணத் தொடங்குவர். அவ்வெண்ணிக்கையிலே கழிவன பிறருடைய பிள்ளைகளின் பள்ளியாண்டுகள்.

நெடுந்தீவிலிருந்து ஒரு கையொப்பத்தின் பொருட்டு யாழ்ப்பாண நகருக்குச் செல்லும் முதியவளைக் கருதுக. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். அதன்பின் புங்குடுதீவையும் வேலணையையும் ஊடறுத்துப் பண்ணை வரையும் பேருந்து. உரிய உத்தியோகத்தர் இருக்கையில் இல்லையெனின், மாலைப் படகுக்குள் அவள் திரும்பியாக வேண்டும். ஒருவரும் இலஞ்சங் கேட்டாரல்லர். எனினும் அவளுக்கு ஒரு நாளும், படகுக்கும் பேருந்துக்குமான பொழுதும், மனவுறுதியும் வீணாயின. இத்தகைய அநீதிக்குத் தமிழ்த் திரையிலே காட்சி அரிது. வெற்று நாற்காலியை எந்த வீரனாலுங் குத்த இயலாது.

அவ்வண்ணமே பணியின் பெருமையுந் திரைக்குப் புலப்படுவதில்லை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், குமுதினிப் படகிலே சென்ற பயணிகள் கடலிலே வெட்டிக் கொல்லப்பட்டனர். அக்கொடுமையின் பின்னரும் அப்படகு மீண்டும் அக்கடலில் ஓடிற்று. அதனை ஓட்டியவரும் கயிறு பிடித்தவரும் அதிற் பயணஞ் செய்த ஆசிரியரும் தபாற்காரரும் மருத்துவமாதும் எப்படத்திலே கதைமாந்தராயினர்?

உட்புறத்திலிருந்து நோக்கிய படைப்புகள் சிலவும் உள. 1981ஆம் ஆண்டு கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து கே. பாலசந்தர் ஆக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’, தண்ணீரில்லாக் காட்டிலே வாழ்வோரின் கண்கொண்டு அரசாங்கத்தை நோக்கிற்று. ஊரவர் தாமே கால்வாய் வெட்ட முற்பட, அதிகாரம் விதியைக் காட்டித் தடுக்கின்றது. 2017ஆம் ஆண்டின் ‘அறம்’, ஆழ்துளைக் கிணற்றில் வீழ்ந்த குழந்தையை மீட்க முனையும் மாவட்ட ஆட்சியரைக் காட்டிற்று. ஆயினும் நல்லவர் ஈற்றிலே பதவியைத் துறந்து செல்கின்றார். நல்லவர் பதவியில் நிலைத்திருக்கும் முடிபு நம் கதாசிரியருக்கு எளிதில் வாய்ப்பதில்லை போலும். 2021ஆம் ஆண்டின் ‘மண்டேலா’விலே, பெயரும் அடையாள அட்டையுமில்லாத சவரத் தொழிலாளிக்கு அஞ்சலகப் பெண்ணொருத்தி அவ்விரண்டையும் பெற்றுக்கொடுக்கின்றாள். ஒரு படிவத்தைப் பொறுமையோடு நிரப்புதலும் வீரமே என்று காட்டிய காட்சி அது.

இந்தியிலே 2020ஆம் ஆண்டு வெளியான ‘பஞ்சாயத்’ என்னுந் தொடரும், 2024இல் அதனைத் தழுவித் தமிழில் வந்த ‘தலைவெட்டியான் பாளையம்’ என்பதும், விருப்பின்றிக் குக்கிராமத்துக்குச் சென்ற இளம் உத்தியோகத்தனைப் பற்றியன. தப்பிச் செல்லும் வழியையே தேடியவன், சிறிது சிறிதாக அவ்வூரவனாகின்றான். காட்டுக்கு மாற்றப்பட்டவனைக் காடு மாற்றிவிடுகின்றது.

யப்பானியப் பேரியக்குநர் அகிரா குரோசாவா 1952இலேயே ‘இகிரு’ என்னும் படத்திலே இதனினும் ஆழச் சென்றார். ஆண்டுக்கணக்காக முத்திரை குத்திக்கொண்டிருந்த நகரசபை உத்தியோகத்தர், தாம் புற்றுநோயால் இறக்கப்போவதை அறிந்தபின், தாய்மார் கேட்ட சிறுவர் பூங்கா ஒன்றை அமைக்க ஒவ்வொரு மேசையாக நடக்கின்றார். அவர் இறந்தபின் உடனிருந்தோர் அழுது சபதஞ் செய்கின்றனர். அடுத்த நாட் கந்தோரிலே பழைய வழக்கமே தொடர்கின்றது. கொலையும் வாளுமின்றி, கோவை ஒன்று நகர்வதனையே காவியமாக்க இயலும் என்பதற்கு அப்படம் சான்று.

நமக்கும் முன்மாதிரிகள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துப் பேருந்து நடத்துநரைக் கே. எஸ். பாலச்சந்திரன் ‘அண்ணை றைற்’ என்னுந் தனிநடிப்பிலே காட்டியபோது சபையோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். அச்சிரிப்பிலே வெறுப்பில்லை, நம் வீட்டுப் பிள்ளையை இனங்கண்ட உவகையே இருந்தது. நெடுந்தீவைக் களமாகக்கொண்ட ‘வாடைக்காற்று’ நாவலை எழுதிய செங்கை ஆழியான் தாமே இலங்கை நிர்வாக சேவையில் அதிகாரியாக இருந்தவர். அந்நாவல் 1978இற் படமாகவும் வந்தது. கந்தோர் மேசையிலிருந்தும் ஊரைக் காணலாம் என்பதற்கு அவர் வாழ்வே உதாரணம்.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்கள் வகுத்தது, வினைக்குரியாரை ஆராய்ந்து தேர்தலின் அருமை நோக்கியே. ஓரூரைத் தண்டனைக்குரிய இடமாகவும், அவ்வூராரைத் தண்டனைக் கருவியாகவும் கொள்ளும் நிர்வாகத்துக்கு அங்கே இடமில்லை. நம் இளைஞர் இக்காலத்திலே கைத்தொலைபேசியைக் கொண்டே குறும்படம் எடுக்கின்றனர். அவர்கள் குறிகட்டுவான் துறையிலே ஒரு நாட்காலை நின்று, கோவையுங் கையுமாகப் படகேறும் கிராம அலுவலரையும், அவரை எதிர்நோக்கி மறுகரையில் நிற்பவரையும் ஒருங்கே நோக்குவாராக. தண்ணீரில்லாக் காட்டைத் திரையிலே மனிதர் வாழும் ஊராகக் கண்டவன், அவ்வூருக்கு இடமாற்றக் கடிதம் வந்தவிடத்து அழமாட்டான்.