இல்லம் பேணல்: மேலே குளியல், கீழே ஓதம்



பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியின் கரையில் வாழும் நமக்கு ஒரு காலத்தில் ஆற்றுப் படித்துறையே குளியலறை. குறுக்குத்துறையில் முழுகி எழுந்தவர் எவரும் நீர் எங்கே கசிகிறது என்று கவலைப்பட்டதில்லை. பின்னர்க் குளியல் கொல்லைப்புறத்துக்கு வந்தது; சிந்திய நீர் வாழைக்குப் பாய்ந்தது. இப்போதோ மாடியில் குளியலறை அமைக்கிறோம். கீழே வாழை இல்லை, மனிதர் உறங்குகின்றனர்.

நம் இல்லத்தில் நேர்ந்ததையே கூறுவோம். மேல்மாடியில் நாம், கீழே தம்பியின் குடும்பமும் வயது முதிர்ந்த அன்னையாரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யாவரும் அறிவர். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. அதன்பின் கீழ்வீட்டு முகட்டில் ஈரத்திட்டு ஒன்று தோன்றியது. “மழையின் ஓதம், வெயில் வந்தால் காய்ந்துவிடும்” என்றோம். மேலே ஒரு மாடி இருக்கையில் மழைநீர் அவ்விடத்தில் எப்படி இறங்கும் என்று எண்ணிப் பார்த்தோமில்லை. தம்பி இருமுறை சொல்லியும் செவிசாய்த்தோமில்லை. சித்திரை வெயிலிலும் திட்டு காயாமல் விரிந்தது. ஓரிரவு அன்னையாரின் கட்டிற் கால்மாட்டில் காரை பெயர்ந்து விழுந்தது. காயமின்றி அவர் தப்பினார். குளித்தவர் நாம், துன்புற்றவர் அவர்.

டைல்ஸ் பதித்துவிட்டால் நீர் இறங்காது என்பதே நம்மில் பலருடைய எண்ணம். அது தவறு. டைல்ஸ் நீரை எளிதில் உறிஞ்சாது என்பது மெய்யே. ஆனால் இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள சிமெண்டு இணைப்பு நீரைச் சிறிது சிறிதாக உள்ளே விடும். இறங்கிய ஈரம் கான்கிரீட்டினுள் உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஆகவே நீரைத் தடுக்க வேண்டியது, கண்ணுக்குத் தெரியும் கல்லுக்கு அடியிலுள்ள பூச்சேயாகும்.

இது புதிய அறிவன்று. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் மொகஞ்சதாரோவில் பெருங்குளம் கட்டியவர்கள், செங்கற்களை ஜிப்சச் சாந்தில் நெருக்கமாக அடுக்கியதோடு நில்லாமல், சுவரின் உட்புறத்தே நிலக்கீல் கொண்டு ஒரு படலமும் இட்டனர். பார்வைக்குச் செங்கல், காவலுக்கு நிலக்கீல்.

புதிதாகக் கட்டுவோர் கொத்தனாரிடம் வற்புறுத்த வேண்டியவை இவை. சுவரும் தரையும் கூடும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைத்துப் பூசச் செய்க. நீர்த்தடுப்புப் பூச்சைத் தரை முழுவதும், வாசற்படி வரையிலும், குளிக்கும் பக்கச் சுவரில் ஆறடி உயரம் வரையிலும் இருமுறை இடுக. குழாய் துளைத்து வரும் இடங்களிலும் ‘நானி டிராப்’பைச் சுற்றிலும் தனிக்கவனம் தேவை, பெரும்பாலான கசிவுகள் பிறக்கும் இடம் அதுவே. தரையின் வாட்டம் ஐந்தடிக்கு முக்கால் அங்குலமேனும் இருக்கட்டும்.

பூச்சு நன்கு காய்ந்தபின், கல் பதிக்கும் முன், நீர்ப்போக்கை அடைத்து இரண்டு அங்குல நீர் தேக்கி, 48 மணி நேரம் வைத்துக் கீழ்த்தளத்தைப் பாருங்கள். “கல் பதித்தபின் பார்த்துக்கொள்ளலாம்” என்பாரிடம் இணங்க வேண்டாம். சுவரினுள் செல்லும் குழாய்களையும் அவ்வாறே அழுத்தச் சோதனை செய்த பின்னரே மூடுக. பதித்த பிறகு சுவரும் தரையும் சேரும் இடுக்கைச் சிமெண்டால் அடையாமல், நெகிழ்ந்து கொடுக்கும் சிலிக்கோனால் அடைப்பதே நலம்.

ஏற்கெனவே கசிவு உள்ளோர் உடைக்குமுன் காரணம் அறிக. நான்கைந்து நாட்கள் அவ்வறையில் குளியாமல், குழாய்க்கு வரும் நீரை மட்டும் நிறுத்தாமல் விடுங்கள். அப்போதும் ஓதம் குறையாவிடில் குழாயில் பழுது. காயத் தொடங்கினால், தரையை நனைக்காமல் நீர்ப்போக்கினுள் மட்டும் நீர் ஊற்றிப் பாருங்கள். கீழே சொட்டினால் நீர்ப்போக்கின் இணைப்பே குற்றவாளி; சொட்டாவிடில் தரையையோ சுவரையோ ஐயுறுக. வாரந்தோறும் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கத்தையும் விட்டொழியுங்கள். அது அழுக்கோடு சிமெண்டு இணைப்பையும் அரிக்கிறது. சோப்புத் தட்டு மாட்ட எண்ணிக் குளிக்கும் பக்கச் சுவரில் துளையிடுவதும் அடியிலுள்ள பூச்சைக் கிழிப்பதே.

நம் வீட்டில் பழுது நானி டிராப்பைச் சுற்றியே இருந்தது. தரையை உடைத்து, பூச்சிட்டு, நீர் தேக்கிய அந்த இரண்டு நாட்களும் தம்பியும் நாமும் சேர்ந்தே கீழே நின்று முகட்டைப் பார்த்தோம். ஒரு சொட்டும் விழவில்லை. அதன் பின்னரே அன்னையாரின் கட்டிலைப் பழைய இடத்தில் போட்டோம்.

மேலே குளிப்பவர் கண்ணுக்குக் கசிவு தெரிவதில்லை. ஆகவே கீழே இருப்பவர் முதன்முறை சொல்லும்போதே நம்பிவிடுங்கள். அது செலவையும் குறைக்கும், உறவையும் காக்கும்.