உறுதி யாருக்கு?

வெப்பத் தீவொன்றில் வீடு வாங்க விழைவோர்க்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. உறுதியைப் பார், எல்லையை அள, சட்டத்தரணியைக் கேள் என்கின்றனர். இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அந்நியர்க்குக் காணி விற்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. 99 ஆண்டுவரை குத்தகைக்குப் பெற வழிவிடுகிறது. இரத்தோட்டை மலைச்சாரலின் குளிர்காற்றை நாடி வருவோர் அறியவேண்டியது இவ்வளவுதானா?

இம்மலை தோட்டமான கதையையும் அவர்கள் அறியட்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட இயலாத கிராமத்தவரின் காணியை அரசுடைமையாக்கிற்று. அது கோப்பித் துரைமாரின் கைக்குப் போயிற்று. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்துவந்த தமிழக உழவர் அதைத் திருத்தினர். சிங்களக் கிராமத்தான் நிலத்தை இழந்தான். தமிழ்த் தொழிலாளியோ நிலத்தைப் பெறவேயில்லை. 1948இல் அவனுடைய குடியுரிமையும் பறிபோயிற்று.

அவ்வருகையின் 200ஆம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் 2023 ஆகஸ்டில் மாத்தளையில் நிறைவெய்தியது. அதே மாதத்தில், அதே மாவட்டத்து இரத்வத்தைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பமொன்றின் குடிலைத் தோட்ட அதிகாரி உடைத்தெறிந்தார்!

ஏழு பேர்ச்சில் வீடு தருகிறோமே என்பர் ஆள்வோர். சிலர் பெற்றனர், உண்மை. எஞ்சியோர் இன்றும் லயக் காம்பிராக்களிலேயே வாழ்கின்றனர். விற்கவும், ஈடுவைக்கவும், பிள்ளைக்கு எழுதிவைக்கவும் உரிமை தராத கூரை, உடையவன் மனம் மாறும்வரைதான் நிற்கும்.

நேற்று வந்தவனுக்கு 99 ஆண்டு எழுத்தில் கிடைக்கையில், ஐந்து தலைமுறையாய் உழைத்தவனுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லையா? முழு உரிமையுள்ள காணி உறுதி வேண்டும்; அதுவரை இக்கேள்வியை வகுப்பறையிலும் வீதியிலும் எழுப்புவோம்.